உடும்பு எழுதிய நாற்பது வரி

அலுவலகத்தில் அவருக்கு 'உடும்பு' என்று பெயர். பிடித்ததை விடமாட்டார் என்பதால் முதுகுக்குப் பின்னால் வைத்தது. காதுக்கு வந்தபோது, "கழுதைன்னு வைக்காம விட்டீங்களே" என்று சிரித்துவிட்டார்.

ஆஸ்பத்திரியின் பதிவு கவுண்டரில் தட்டச்சு செய்பவராகச் சேர்ந்தவர். இரண்டாவது பிரசவ விடுப்பில், ஒரு காலால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே புரோகிராம் எழுதக் கற்று, கணினிப் பிரிவுக்கு மாறினார். டயாலிசிஸ் நோயாளிகளுக்கு நாற்காலியும் நேரமும் ஒதுக்கும் மென்பொருள் அவர் பொறுப்பு.

அவரைவிடப் பத்து வயது இளையவரான டீம் லீடர் ஒரு நாள் வந்து நின்றார்.

"அக்கா, இது ரொம்பப் பழசு. நோயாளிங்களுக்கு மெசேஜ் அனுப்பக்கூட வழியில்ல. தூக்கிப் போட்டுட்டு புது ஃப்ரேம்வொர்க்ல எழுதிடலாம்."

"யாரோட நேரத்தயும் ஒரு நாள்கூடத் தள்ளக்கூடாதுன்னு பதினோரு வருஷமா இதுக்குள்ள எழுதி வச்சிருக்கோம். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டக் கொளுத்துவாங்களா?"

"அப்ப ரெண்டையும் சேர்க்க முடியுமா?"

"மூணு வாரம் குடுங்க."

சொல்லிவிட்டார், செய்வது லேசாக இல்லை. பழைய மென்பொருள் ஒரு கன்டெய்னருக்குள், அதாவது அதைத் தாங்கி நடத்தும் இன்னொரு நிரலுக்குள், ஓடியது. வேலைக்கு வேண்டிய கூறுகளை, ஆளுக்கொரு வேலை செய்யும் சின்னச் சின்ன நிரல் துண்டுகளை, அந்தக் கன்டெய்னரே உருவாக்கும். ஒரு பதிவு பாதியில் நின்றால் மொத்தத்தையும் பழையபடி திருப்பிவிடும். மென்பொருள் கட்டுவதற்கான ஆயத்தச் சட்டகமான புது ஃப்ரேம்வொர்க்கும் கூறுகளைத் தானே உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் தேவையான துணை நிரல்களைக் கையில் கொடுத்து அனுப்பும். ஒரே உறையில் இரண்டு கத்தி.

முதல் வாரம், கன்டெய்னர் உருவாக்கிய கூறுகள் துணை எதுவும் கிடைக்காமல் வெறுங்கையோடு நின்றன. தொட்டதெல்லாம் பிழை. அவர் நாற்பது வரி எழுதினார்: கன்டெய்னர் ஒரு கூறை உருவாக்கியதும், அது வேலையைத் தொடங்கும் முன், ஃப்ரேம்வொர்க் அதன் வெற்றிடங்களை நிரப்ப வேண்டும். மெசேஜ் போனது. எல்லோரும் கைதட்டினார்கள்.

அவருக்கு மட்டும் திருப்தியில்லை. சோதனைக் கணினியில் ஒரு பதிவு நடக்கும்போதே நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினார். நோயாளியின் பெயர் மறைந்தது. நாற்காலி மட்டும் ஒதுக்கப்பட்டபடியே நின்றது. நிஜத்தில் இப்படி நடந்தால் ஓர் ஆள் இடமில்லாமல் வீடு திரும்புவார்.

"நான் அப்பவே சொன்னேன்ல" என்றார் டீம் லீடர்.

உடும்பு நான்கு நாளாக, மென்பொருள் தன் ஒவ்வொரு அடியையும் குறித்துவைக்கும் பதிவேட்டை வரிவரியாகப் படித்தார். வீட்டில் பஸ் ஓட்டுநரான கணவர் கேட்டார்: "சாப்பாடு தட்டுல இருக்கு, நீ எங்க இருக்க?"

"இருங்க, கிட்ட வந்துட்டேன்."

ஐந்தாம் நாள் மதியம், உருவாகும் ஒவ்வொரு கூறும் தன் அடையாள எண்ணைத் திரையில் காட்டும்படி செய்து பார்த்தார். நாற்காலி ஒதுக்கும் கூறுக்கு ஓர் எண் வர வேண்டிய இடத்தில் இரண்டு வந்தன. கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரித்தார். ஃப்ரேம்வொர்க் அந்தக் கூறைக் கன்டெய்னரிடம் கேட்காமல் தானே இன்னொன்று செய்துகொண்டிருந்தது. அந்தத் திருட்டுப் பிரதி செய்ததைக் கன்டெய்னர் எப்படித் திருப்பும்? பழைய கூறுகள் தேவைப்பட்டால் கன்டெய்னரிடம்தான் வாங்க வேண்டும் என்று விதியை மாற்றினார். மறுபடி கேபிளைப் பிடுங்கினார். பெயரும் நாற்காலியும் சேர்ந்தே பழைய நிலைக்குத் திரும்பின. இருபது தடவை பிடுங்கினார். இருபத்தோராவது தடவை டீம் லீடரே பிடுங்கிப் பார்த்து, "மன்னிச்சிருங்க அக்கா" என்றார்.

டயாலிசிஸ் இல்லாத ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் மாற்றிவிட்டு, திங்கள் காலை அவரே கவுண்டரில் போய் நின்றார். அங்கே இருந்த பழைய தோழி தலை நிமிர்ந்தார்.

"என்னடி, வேவு பாக்க வந்தியா? புதுச எப்ப போடப் போறீங்க?"

"நேத்தே போட்டாச்சு."

"சும்மா சொல்லாத. எதுவும் மாறலையே!"

வரிசையில் நின்ற பெரியவரின் கைபேசி சிணுங்கியது. வியாழக்கிழமை நேரம் வந்திருந்தது. அவர் அதை உரக்கப் படித்துத் தன் மனைவிக்குக் காட்டினார்.

அந்த வாரமே உடும்பு, மருந்துப் பிரிவின் மென்பொருளையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.