படுத்தே பாஸான முதுகு

வயது ஐம்பத்திரண்டு. அதில் இருபத்தாறு வருடம் பேருந்தின் ஓட்டுநர் இருக்கையிலேயே போனது. கடைசி நான்கு வருடமாக இடுப்பு வலி. குனிய முடியாததால் பணிமனையில் அவருக்குப் பெயர் கம்பம். பெயர் வைத்த நேரக்காப்பாளர்தான் நெருங்கிய நண்பரும்.

மாத்திரை, பெல்ட், உடற்பயிற்சி எல்லாம் பார்த்தாயிற்று. அறுவை சிகிச்சை என்றால் பல மாதம் வண்டியைத் தொட முடியாது. அதன் பிறகும் தொடலாமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கம்பத்துக்கு வேறு தொழில் தெரியாது. "கத்திக்கு முன்னாடி ஊசி போட்டுப் பார்ப்போம்" என்று டாக்டர் சொன்னதும் தலையாட்டிவிட்டார்.

முதல் ஊசி சோதனைக்கு. முதுகெலும்பில் சந்தேகப்படும் மூட்டை மட்டும் சில மணி நேரம் மரத்துப்போக வைப்பார்கள். வலி அடங்கினால் குற்றவாளி அந்த மூட்டுதான்; ஊசி வழியிலேயே வைத்தியத்தைத் தொடரலாம். அடங்காவிட்டால் அறுவை சிகிச்சை பற்றிப் பேச வேண்டும். வலி பத்துக்கு எத்தனை என்று மணிக்கொரு தரம் எழுதித் தரச் சொன்னார்கள்.

நேரக்காப்பாளர் ஆலோசனை வழங்கினார். "டெஸ்ட்டுன்னா பாஸ் பண்ணணும்யா. தகுதிச் சான்று வாங்கப் போற அன்னிக்கு எவனாவது வண்டியைப் பள்ளத்துல விடுவானா?"

கம்பத்துக்கு நியாயமாகப் பட்டது. ஊசி முடிந்து வீட்டுக்கு வந்து மல்லாந்தவர், சாப்பிட மட்டும் தலையைத் தூக்கினார். மனைவி கேட்டுக் கேட்டு எழுதினார். மொத்தம் ஏழு பூஜ்யம்.

மறுவாரம் டாக்டர் தாளைப் பார்த்துச் சிரித்தார். "அருமை. என்னென்ன வேலை செஞ்சீங்க?"

"அசையவே இல்லை சார்."

"ஊசிக்கு முன்னாடி படுத்தா வலிக்குமா?"

"படுத்தா ஏன் சார் வலிக்கப்போகுது? வண்டியில உட்கார்ந்தாதான்."

டாக்டர் பேனாவை மூடினார். "வலிக்கிற வேலையைச் செஞ்சு பார்த்தாத்தானே மருந்து கேட்டுச்சான்னு தெரியும்? நீங்க உங்க கட்டிலை டெஸ்ட் பண்ணியிருக்கீங்க."

"கொஞ்சம் எழுந்து உட்காருங்கன்னு நான் அப்பவே சொன்னேன் சார்" என்றார் கூட வந்திருந்த மனைவி.

"நீதானேடி பூஜ்யம் பூஜ்யம்னு எழுதினே?"

"வாயால சொன்னதை எழுதினேன். உங்க முதுகு என்கிட்ட பேசாதுங்க."

கம்பம் டாக்டர் பக்கம் திரும்பினார். "அப்போ ஃபெயிலா சார்?"

"நீங்க இன்னும் பரீட்சையே எழுதலை."

இரண்டாவது ஊசி வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு. அன்று முழுக்க அவர் வண்டி ஓட்டக் கூடாது. அதனால் பன்னிரண்டிலிருந்து நான்கு வரை, தான் ஓட்டும் தடத்திலேயே, குலுக்கல் அதிகமான கடைசி வரிசையில் டிக்கெட் எடுத்துப் போய்வருவார். பக்கத்தில் மனைவி, கையில் தாளும் பேனாவும்.