பன்னிரண்டாவது மாணவர்

ஷர்ஷென் அகாயை ஜப்பானிய வகுப்பில் சேர்த்துவிட்டது நானும் என் வகுப்புத் தோழி கூமுஷும்தான். அவரைக் கேட்காமலேயே சேர்த்தோம்.

கராகோலில் எங்கள் பள்ளியின் விளையாட்டு ஆசிரியர் அவர். ஆசிரியரை நாங்கள் அகாய் என்போம், ஆசிரியையை எஜே. வயது ஐம்பத்து நான்கு. இளமையில் மல்யுத்தம் செய்ததில் இரண்டு காதுகளும் உப்பிப்போயிருக்கும். வருஷம் முழுக்க ஒரே நீல டிராக் சூட். தாமதமாக வருகிறவர்களுக்கு அவர் கொடுக்கும் தண்டனை தவளைத் தாவல்: குந்தி உட்கார்ந்தபடியே மைதானத்தைச் சுற்றித் தாவ வேண்டும். அதனால் முதுகுக்குப் பின்னால் எல்லோருக்கும் அவர் 'பாகா'. எங்கள் கிர்கிஸ் மொழியில் பாகா என்றால் தவளை. அவருக்கும் அது தெரியும். காதில் விழாததுபோல் போய்விடுவார்.

நாங்கள் பத்தாம் வகுப்புக்கு வந்த வருஷம் ஜப்பானிய மொழி பாடம் வருவதாக இருந்தது. சொல்லிக்கொடுக்க தலைநகர் பிஷ்கெக்கில் படித்துவிட்டு வந்த சாய்கல் எஜே இருந்தார். ஆனால் பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் வகுப்பு என்று கல்வி அலுவலகம் கறாராக எழுதிவிட்டது. சேர்ந்ததோ பதினொரு பேர். யார் யாரையோ கெஞ்சிப் பார்த்தோம். கடைசி நாள், அலுவலகத்துக்குப் போகவேண்டிய பட்டியலில் பன்னிரண்டாவது வரியில் 'ஷர்ஷென்' என்று கூமுஷ் எழுதினாள். பக்கத்தில் அவர் கையெழுத்தை நான் போட்டேன்.

"யாரு இந்த ஷர்ஷென்?" என்று கேட்டார் சாய்கல் எஜே.

"பின் பெஞ்சு எஜே. கூச்ச சுபாவம். வந்துடுவாரு."

இரண்டே வாரத்தில் அனுமதி வந்துவிட்டது. கூடவே, மார்ச் மாதம் நேரில் வந்து பார்ப்போம் என்றும் ஒரு வரி. உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போய் உண்மையைச் சொன்னோம். அவர் பட்டியலின் நகலை வாங்கி, தூரத்தில் நீட்டிப் பிடித்துப் பார்த்தார்.

"யாரு போட்டது இந்தக் கையெழுத்து?"

"நான்தான் அகாய்."

"என் கையெழுத்தவிட நல்லா இருக்கே. போங்க, ஆளுக்கு அம்பது தாவல்."

தாவி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது கேட்டார்: "அந்த வகுப்பறையில ஹீட்டர் வேல செய்யுதா?"

"செய்யுது அகாய். பின் பெஞ்சுக்குப் பக்கத்துலயேதான் இருக்கு."

"வியாழக்கிழமை அந்த நேரத்துல எனக்கு வகுப்பு இல்ல. இங்க கூடத்துல உக்காந்தா பனியில மூக்கு விழுந்துடும். வரேன்."

வந்தார். பெஞ்சுக்கும் மேசைக்கும் நடுவில் அவர் உடம்பை நுழைப்பதே ஒரு பயிற்சியாக இருந்தது. சாய்கல் எஜே சட்டென்று விறைப்பாக எழுந்து நின்றார். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவரே இந்த மனிதரிடம் தவளைபோல் தாவியவர்.

ஆனால் அந்த விறைப்பு ஒரு வாரம்தான். 'நு', 'மே' என்று இரண்டு எழுத்துகள் இரட்டைப் பிள்ளைகள்போல் இருக்கும். ஒன்றுக்கு மட்டும் வாலில் ஒரு சுழி. அகாய் எல்லாவற்றுக்கும் வால் வைத்தார்.

"அகாய், இத நூறு தடவ எழுதிட்டு வாங்க."

"நூறா? கை வலிக்குமேம்மா."

"எனக்குக் கால் வலிச்சப்ப நீங்க எண்ணிக்கிட்டுத்தானே நின்னீங்க?"

வகுப்பே மேசையில் தட்டிச் சிரித்தது. மறு வாரம் நூற்றிருபது எழுதிக்கொண்டு வந்தார். அதில் பாதிக்கு இன்னும் வால் இருந்தது.

வீட்டுப்பாடத்தை மட்டும் முன்னால் இருந்த கூமுஷின் நோட்டைப் பார்த்துத்தான் எழுதுவார். அவள் சும்மா இருப்பாளா? பிடித்த உணவு எது என்ற கேள்விக்கு வேண்டுமென்றே 'நாற்காலி' என்று எழுதி வைத்தாள். அகாய் அதை எழுந்து நின்று கம்பீரமாகப் படித்தார்.

"நாற்காலியா சாப்பிடுவீங்க அகாய்?"

"பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கு அது தேவலாம்," என்றார், கண்ணை இமைக்காமல்.

அதோடு விட்டிருக்கலாம். ஜப்பானிய மொழியில் 'பாகா' என்றால் முட்டாள் என்று தெரிந்த அன்று நானும் கூமுஷும் சிரித்த சிரிப்பில் எனக்கு விக்கல் எடுத்தது. நேராக அவரிடம் போனோம்.

"அகாய், ஒரு அதிசயம். அவங்க மொழியிலயும் பாகான்னா தவளதானாம்!"

"அப்படியா?" என்று நோட்டில் குறித்துக்கொண்டார்.

மார்ச்சில் கல்வி அலுவலக அதிகாரி வந்தார். அவரோடு ஹிரானோ என்ற ஜப்பானிய அம்மாள், நரைத்த தலை, சின்ன உருவம். நாங்கள் ஒவ்வொருவராக எழுந்து எங்களை அறிமுகப்படுத்திக்கொண்டோம். பதினொன்று முடிந்ததும் அதிகாரி பட்டியலைப் பார்த்தார்.

"ஷர்ஷென்? எங்க அந்தப் பையன்?"

அந்தப் பையன் பெஞ்சைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். அதிகாரியின் புருவம் நெற்றிக்கு ஏறியது. வாசலில் நின்ற தலைமை ஆசிரியர் சுவரைப் பிடித்துக்கொண்டார். அகாய் ஹிரானோ அம்மாளுக்குக் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டுத் தெளிவாகச் சொன்னார்:

"வதாஷி வா பாகா தேசு."

'நான் முட்டாள்' என்று அர்த்தம். சாய்கல் எஜே கண்ணை மூடிக்கொண்டார். கூமுஷ் என் தொடையைக் கிள்ளினாள். அப்படியே தரை பிளந்து எங்களை விழுங்கினால் தேவலாம் என்றிருந்தது. அகாய் உட்காரவில்லை. எங்கள் பக்கம் கையைக் காட்டி, ஒவ்வொரு சொல்லாக, அதே மொழியில் தொடர்ந்தார்: "இந்தப் பதினொரு பேரும் என் ஆசிரியர்கள்."

ஹிரானோ அம்மாள் வாயைக் கையால் மூடிக்கொண்டு குலுங்கினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"என்னங்க சொன்னாரு?" என்றார் அதிகாரி, ஒன்றும் புரியாமல்.

"ரொம்ப நல்லாப் படிக்கிறாரு," என்றார் அந்த அம்மாள், எங்கள் மொழியில் தட்டுத்தடுமாறி.

"ஆனா இவரு மாணவரா?"

"பத்தாம் வகுப்புதான். வர்றதுக்குக் கொஞ்சம் லேட்டாயிடுச்சு," என்றார் அகாய்.

ஹிரானோ அம்மாள் விரல் விட்டு எண்ணினார். "பன்னிரண்டு பேர். சரியா இருக்கு." தன்னோடு வந்த விருந்தாளியே சொன்ன பிறகு அதிகாரி என்ன செய்வார்? பட்டியலில் கையெழுத்துப் போட்டார்.

தாழ்வாரத்தில் அகாய் எங்கள் இருவரையும் நிறுத்தினார்.

"அகராதின்னு ஒண்ணு இருக்குது, தெரியுமாடி?"

நாங்கள் பேசாமல் குந்தி உட்கார்ந்தோம், தாவுவதற்குத் தயாராக.

"எந்திரிங்க. அந்தச் சொல்ல எரநூறு தடவ எழுதிட்டு வாங்க. அழகா."

டிசம்பரில் பிஷ்கெக்கில் ஜப்பானிய மொழி ஆரம்ப நிலைத் தேர்வு. பன்னிரண்டு பேரும் ஒரே வேனில் போனோம். வழி முழுக்க அவர் கொண்டுவந்த போர்சோக் என்ற பொரித்த மாவுத் துண்டுகளைத் தின்றுகொண்டே எங்களையெல்லாம் கேள்வி கேட்டு உயிரை வாங்கினார். எட்டுப் பேர் தேறினோம். நான் தாராளமாகத் தேறினேன். கூமுஷ் தோற்றாள். அகாய் நூலிழையில் தேறிவிட்டு, பள்ளிக்கூடம் முழுக்க அவளுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்த ஆறுதல் தாங்காமலே அவள் அடுத்த வருஷம் என்னைவிட அதிக மதிப்பெண் வாங்கினாள்.

இப்போது அவர் ஓய்வு பெற்றுவிட்டார். கோடையில் மலை ஏற வரும் ஜப்பானியர்களுக்கு வழிகாட்டியாகப் போகிறார். போன மாதம் அவர் மனைவி ஜுமாகுலைச் சந்தையில் பார்த்தேன்.

"வீட்டுல ஒரு நாளைக்குப் பத்து வார்த்த பேச மாட்டாரு," என்றார். "அந்த ஜப்பான்காரங்கள கண்டா வாய் மூடறதில்ல. பாவம், தப்பிச்சு ஓடவும் முடியாது. மலையில வழி தெரிஞ்ச ஆளு இவரு ஒருத்தருதானே!"