ஏசிக்குக் கீழே ஒட்டிய சிவப்புத் தாள்

ஹாங்காங்கின் ஷாம் ஷுய் போ வட்டாரத்தில், பதினான்காம் மாடியில் குடியிருந்த யிப் குவாங், இருபத்தாறு ஆண்டுகளாக மினிபஸ் ஓட்டுபவர். ஒரு பயணியிடமும் ஏச்சு வாங்காதவர். அதனால்தான், 'உங்கள் ஏசித் தண்ணீர் எங்கள் ஜன்னல் தகரத்தில் சொட்டுகிறது' என்று கீழ்வீட்டு அம்மாள் சென்ற கோடையில் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போன சீட்டு அவரை அவ்வளவு உறுத்தியது. அன்றே ஏசியின் தண்ணீர் வடியும் வெளித்துளையில் ஒரு தக்கையை இறுக அடைத்தார். சொட்டல் நின்றது.

ஏசிக்குக் கீழே, சுவரில், அவர் மனைவி மேய்யுக் தூரிகையால் எழுதிய சிவப்புத் தாள் இருந்தது. உடல்நலம் வேண்டி நான்கே சீன எழுத்துகள். புத்தாண்டுக்கு முன் பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதியதை மைதாப் பசையால் ஒட்டுவது அவள் வழக்கம். அந்தத் தாளை ஒட்டிய மறுவாரம் மருத்துவமனைக்குப் போனவள் திரும்பவில்லை. பின்வந்த மூன்று புத்தாண்டுகளிலும் யிப் அதைத் தொடவில்லை. இந்த வசந்தத்தில் தாள் சற்றே உப்பியபோதும், ஈரப்பருவம்தானே என்று இருந்துவிட்டார்.

மகள் விங்சாமின் இருமல்தான் இரண்டு மாதமாக நிற்கவில்லை. ஏசியில் தூசு இருக்குமோ என்று மெக்கானிக் கியோங்கை அழைத்தார்.

"மூக்கைப் பொத்திப் புடிச்சுக்கிட்டு மூச்சு விடுன்னா எப்படிண்ணே?" தக்கையைக் கண்டதும் கியோங் சிரித்தான். "வெளிய வழியில்லேன்னா தண்ணி உள்ளதானே இறங்கும்?"

தாளின் ஓரத்தை விரலால் அழுத்தியவன் சிரிப்பை நிறுத்தினான். "பூஞ்சைண்ணே. பின்னால முழுக்க. மைதாப் பசை வேற, அதுக்கு விருந்தாச்சே."

"தாளை விட்டுட்டு, சுத்தித் தேய்ச்சா போதாதா?"

"தாளுக்குப் பின்னாலதாண்ணே அது குடியிருக்கு."

"இருக்கட்டும்ப்பா, அம்மா எழுதுனது. நான் மாத்திரை போட்டு..." விங்சாமின் பேச்சை இருமல் முறித்தது.

யிப் தாமே முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். ஓர் எழுத்தாவது மிஞ்சட்டும் என்று, பிளேடின் முனையால் மெல்ல மெல்ல நெம்பினார். தாள் நனைந்த அப்பளம்போல் கையோடு பிய்ந்து வந்தது. எது மேய்யுக்கின் மை, எது பூஞ்சை என்று பிரித்தறிய முடியவில்லை. இரண்டும் ஒரே கறுப்பு. சுவரில் மட்டும் தாளின் சாயம் ஊறிச் சிவந்திருந்தது.

"நான்தான் அடைச்சேன், கியோங். இந்தக் கையாலதான்."

கியோங் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினான். தக்கையைப் பிடுங்கினான். "நாளைக்குக் குழாய் கொண்டாந்து மாட்டிடறேண்ணே. அதுவரைக்கும் சொட்டும்," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

யிப் பிளீச்சில் துணியை நனைத்துத் துடைத்தார். கறுப்பு மட்டும் போனால் போதும் என்றிருந்தார். சிவப்பும் கூடவே வெளுத்துப் போயிற்று.

வெளியே, தகரத்தில் சொட்டுச் சத்தம் தொடங்கியது. சிறிது நேரத்தில் கீழிருந்து குரல் எழுந்தது: "ஏய் மேல் வீடு! மறுபடியும் ஆரம்பிச்சாச்சா?"

"அப்பா, கூப்பிடறாங்க," என்றாள் விங்சாம்.

யிப் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. ஈரத்துணியோடு, அந்த வெள்ளைச் சுவரைப் பார்த்தபடி முக்காலியின்மேல் நின்றுகொண்டிருந்தார்.