வட்டமா நூலா என்று கேட்ட கம்ப்யூட்டர்

"ஏட்டி, உங்களுக்கெல்லாம் வேற சோலியே கிடையாதா? குப்பி கழுவுனவகிட்ட வந்து கம்ப்யூட்டர் கதை கேக்குதீக. நாளைக்கு மொட்டைச் சாமியார்கிட்டப் போய்த் தலை வாருதது எப்படின்னு கேப்பீக போல!"

இப்படி ஏசிப் பார்த்தேன். ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் விடவில்லை. எனக்குப் படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. நான் சொல்லச் சொல்ல அவர்களே எழுதிக்கொள்கிறார்கள். நல்ல தமிழாக இருந்தால் அது அவர்கள் குற்றம்.

தொண்ணூறுகளில் திருநெல்வேலியில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் தினக்கூலிக்குக் கண்ணாடிக் குப்பி, டியூப் எல்லாம் கழுவிக்கொண்டிருந்தேன். அங்கே இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதற்கு மட்டும் ஏசி அறை, மேலே உறை, நெற்றியில் சந்தனம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். அது ஒன்று சொல்லிவிட்டால் யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். புது மாப்பிள்ளை என்றுதான் அதை நான் கூப்பிடுவேன்.

முக்கூடல்காரி கோமதி அங்கே ஆராய்ச்சி செய்தாள். டிஎன்ஏவை வெட்டி ஒட்டுகிற குளோனிங் வேலை. வெட்டுகிற என்சைம் பெங்களூரிலிருந்து ஐஸில் வரும், விலையும் அதிகம். அதனால் வெட்டு எங்கே விழும் என்று கம்ப்யூட்டரில் பார்த்த பிறகுதான் டியூபைத் தொடுவாள். "தையக்காரர் கத்திரி எடுக்குமுன்ன சாக்பீஸால கோடு போடுவாருல்லா ஆச்சி, அதான் இது" என்பாள்.

அவளுடைய டிஎன்ஏ வளையல் மாதிரி வட்டமானது. அதில் ஒரே வெட்டுத்தான் விழும் என்றது கம்ப்யூட்டர். வளையலில் ஒரு வெட்டு விழுந்தால் ஒரே துண்டுதானே? வெட்டினதை ஜெல் என்கிற பாகுக் கட்டியில் ஓடவிட்டால் துண்டுக்கு ஒரு கோடு தெரியும்; இவளுக்கு இரண்டு கோடு தெரிந்தது.

துறைத்தலைவர் வந்தார். "கம்ப்யூட்டர் ஒண்ணுங்குது, ஜெல்லு ரெண்டுங்குது. அப்ப டியூப்லதான் அழுக்கு." என் பக்கம் திரும்பினார். "ஏம்மா செல்லம்மா, கழுவுதியா, இல்ல தண்ணியக் காட்டிட்டு வைக்கியா?"

"எங்க வீட்டுச் சட்டியக்கூட இப்படிக் கழுவுனதில்ல சார். கொழம்புல பழைய வாசம் வருதுன்னு வீட்டுக்காரரு படுத்துக்கிட்டே ஏசுதாரு."

யாரும் சிரிக்கவில்லை. "திங்கக்கிழமைலேர்ந்து வேற ஆளப் பாத்துக்கிடுதோம்" என்றார் அவர். வீட்டுக்காரர் இடுப்பு முடியாமல் கிடந்த சமயம் அது. என் கூலியில்தான் அடுப்பு எரிந்தது.

கோமதி கம்ப்யூட்டர் அறைக்குள் போனாள். நானும் பின்னாலேயே போய் உறையை எடுத்துக் கொடுத்தேன். அந்த புரோகிராம் வேலையைத் தொடங்குமுன் வரிசையாகக் கேள்வி கேட்கும். பரீட்சை மார்க் ஏற்றுகிற ஆபீஸ்காரர்கள் அதே கம்ப்யூட்டருக்காக எந்நேரமும் வாசலில் நின்று முணுமுணுப்பார்கள். அதனால் கேள்வியை வாசிக்காமலே என்டர், என்டர் என்று தட்டுவது பிள்ளைகளுக்கு வழக்கம். அன்று அவள் ஒவ்வொன்றாக வாசித்தாள். ஓரிடத்தில் விரல் நின்றுவிட்டது.

"ஆச்சி, நாசமாப் போச்சு. டிஎன்ஏ வட்டமா, நேரா கெடக்குத நூலான்னு கேக்குது. நான் பாக்காமத் தட்டிட்டேன். இது நூலுன்னே எடுத்துக்கிட்டு."

"அதனால என்னட்டி?"

"வளையல ஒரு எடத்துல பிரிச்சு நீட்டித்தான் இதுல எழுதிப் போட்டிருக்கேன். அந்த ரெண்டு முனையும் சேருத எடத்துலயும் ஒரு வெட்டு இருக்கும் போல. நூலுன்னு நெனச்சா, சேருத எடமே இதுக்குத் தெரியாதுல்லா?"

வட்டம் என்று மாற்றித் தட்டினாள். இரண்டு வெட்டு. ஜெல்லில் வந்தது சரிதான்.

"பையப் பேசு புள்ள, வெளிய கேட்டுரும்" என்றேன். என்சைமை வீணாக்கினவள் என்று பேர் வந்தால் அடுத்த என்சைம் டியூப் அவள் கைக்கு வராது. ஆராய்ச்சி அப்படியே நின்றுபோகும்.

"கேக்கட்டும் ஆச்சி" என்று நேரே தலைவர் அறைக்குப் போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன். துறையில் உள்ளவர்கள் எல்லாரும் அங்கே இருந்தார்கள். "சார், டியூப் சுத்தமாத்தான் இருந்துச்சு. தப்பு என்னுது. ஆச்சிய நிறுத்தாதீங்க."

அவர் ஏசு ஏசென்று ஏசினார். அவள் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். கடைசியில் என்னைப் பார்த்து, "நீ ஏம்மா நிக்க? போயிக் கழுவு" என்றார். அதைவிட இனிப்பான வசவை நான் இதுவரை வாங்கியதில்லை.

இதில் நான் படித்த பாடம் ஒன்றுதான் பிள்ளைகளே: மெஷின் கேட்டாலும் மனுஷி கேட்டாலும், கேள்வியை முழுக்கக் காதில் வாங்கிவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால், பக்கத்து வீட்டுக்காரிகள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு துக்கம் விசாரிக்க நிற்கிறார்கள். "என்னக்கா, வேலைய விட்டு நிறுத்திட்டாகளாமே?"

"அழுகைய மிச்சம் வச்சுக்கோங்கட்டி, வேலை இருக்கு. சட்டி ஒடைஞ்சா, நான் பெத்ததுகளே பூனையத்தான் கை காட்டுதுக. அங்கன ஒருத்தி, நான்தான் ஒடச்சேன்னு எனக்காகப் போயி நின்னா. முக்கூடல் எந்தப் பக்கம்ட்டி இருக்கு? அவளப் பெத்தவளுக்கு இங்கனருந்தே ஒரு கும்பிடு போட்டுட்டு அடுப்பப் பத்த வைக்கேன்."