ஓக் மரத்துத் தத்துப்பூச்சியும் அவள் பெயரும்

எனக்கு அவளைப் பிடிக்காது. இப்போதும் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஒரு பூச்சி ஆய்வுக்கூடத்தில் நாங்கள் இருவரும் தற்காலிக உதவியாளர்கள். நான் யாழ்ப்பாணத்தில் விலங்கியல் கற்பித்துவிட்டு வந்தவள். அவள் மலேசியாக்காரி, என்னைவிட இளையவள், எதற்கெடுத்தாலும் சிரிப்பாள். ஓர் இடம் மட்டும் நிரந்தரமாக்கப்படும் என்று மேலாளர் சொல்லியிருந்தார். நிரந்தர வேலை இல்லாதவளுக்கு வீடு வாங்க வங்கி மோர்கேஜ் கடன் தராது. பாபகூரா புறநகரில் ஈரம் ஊறும் வாடகை வீட்டில் இரண்டு பிள்ளைகளோடு இருந்த எனக்கு அந்த இடம் வேண்டும்.

அந்தக் கோடையில் பிளாக்ஹவுஸ் பே என்ற புறநகரில் ஓக் இலைகள் வெளிறுகின்றன என்று யாரோ தொலைபேசியில் சொன்னார்கள். நான்தான் போனேன். கிளைக்கு அடியில் வெள்ளைத் துணியைப் பிடித்துத் தடியால் தட்டினேன். அரைச் சோற்றுப் பருக்கை அளவில், இலைச்சாறு உறிஞ்சும் வெளிர்மஞ்சள் தத்துப்பூச்சிகள் விழுந்தன. துள்ளி ஓடுவதற்குள், உள்ளே வலை அடைத்த குழாயை வாயில் வைத்து உறிஞ்சிப் பிடித்தேன். தொண்டையெல்லாம் தூசி.

"இனத்தைக் கண்டுபிடித்துச் சொல். அந்த இடத்துக்கு ஆள் எடுக்கும்போது இதையும் பார்ப்பேன்" என்றார் மேலாளர்.

வெளியே பார்த்தால் இந்தப் பூச்சிகள் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். ஆணின் வயிற்றுப் பகுதியை வெட்டி, பொட்டாஷ் கரைசலில் சூடாக்கி, உள்ளே இருக்கும் இனப்பெருக்க உறுப்பின் வடிவத்தைப் பார்த்துத்தான் இனம் சொல்ல முடியும். நான் பிடித்தவற்றில் பெரும்பாலானவை பெண். கிடைத்த சில ஆண்களை வெட்டினேன். கொக்கி போல வளைந்த அந்த உறுப்பை வரைந்தேன். பிறகு வாரக்கணக்கில் ஐரோப்பியப் பூச்சிகளின் படங்களோடு ஒப்பிட்டேன். எதுவும் பொருந்தவில்லை.

ஒருநாள் அவள் தேநீர்க் கோப்பையோடு வந்து நின்றாள்.

"இன்னும் இங்கிலாந்துப் படத்தையே பார்த்துக்கிட்டு இருக்கீங்களா அக்கா? இந்த ஊருப் பூச்சியா இருக்கும் லா."

"ஓக் வெள்ளைக்காரன் கொண்டுவந்த மரம். அதில இருக்கிறதும் அவன்ர பூச்சிதான். நீர் உம்மட வேலையைப் பாரும்."

"ஏன், இந்த ஊருப் பூச்சி வெளியூரு இலையைச் சாப்பிடக் கூடாதா? நீங்க தினமும் கறி வச்ச மீட் பை வாங்கிச் சாப்பிடுறீங்க. உங்க ஊருல மீட் பை இருந்துச்சா?"

"அதுவும் இதுவும் ஒண்டோ?" என்று கத்தினேன். சிரித்துக்கொண்டே போனாள்.

போனவள் சும்மா இருக்கவில்லை. என் படத்தை எடுத்துக்கொண்டு உள்நாட்டுப் பூச்சிகள் இருக்கும் அலமாரியைத் திறந்தாள். மாஹோ என்ற இந்த ஊர்க் காட்டுமரத்தில் எப்போதோ யாரோ பிடித்து, வெட்டியும் வைத்திருந்த தத்துப்பூச்சிகள் அங்கே இருந்தன. அதே கொக்கி. சாயங்காலத்துக்குள் மேலாளர் அவள் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார். பிடித்தது நான், வெட்டியது நான், வரைந்தது நான். அவள் ஓர் இழுப்பறையைத் திறந்தாள், அவ்வளவுதான்.

அவளுக்கு வேலை நிரந்தரமானது. அடுத்த ஆண்டே ரானுயி புறநகரில் வீடு வாங்கினாள். புதுமனைக்குக் கூப்பிட்டாள். காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன்.

அதற்கு முன் ஒன்று நடந்தது. ஒவ்வொரு பூச்சியின் ஊசியிலும் இரண்டு சீட்டுகள் குத்துவோம். மேலே பிடித்த இடமும் பிடித்தவர் பெயரும், கீழே இனமும் அதைக் கண்டறிந்தவர் பெயரும். என் எழுத்துத்தான் பொடியாக இருக்கும் என்று மேலாளர் பேனாவை என்னிடம் தந்தார். அவள் பெயரை நான் என் கையால் எழுத வேண்டும்.

ஆண்களுக்கு எழுதினேன். பிறகு பேனாவை மூடினேன்.

"மிச்சம் இருக்கே அக்கா?"

"அதுகள் எல்லாம் பெண். ஆணை வெட்டிப் பார்த்துத்தானே இனம் சொன்னனீர்? பெண்ணுக்கு எப்பிடி உம்மட பேரைப் போடுறது?"

"அதே மரம்தானே?"

"மரத்தைப் பார்த்துச் சொல்லக் கூடாதெண்டு நீர்தானே எனக்குப் படிப்பிச்சீர்."

அவள் மேலாளரைப் பார்த்தாள். அவர் சற்று யோசித்துவிட்டு, நான் சொல்வது சரி என்றார். அன்றைக்கு ஒருநாள் அவள் சிரிக்கவில்லை.

அந்தப் பெட்டியில் நான்கு ஊசிகளில்தான் அவள் பெயர். மற்ற எல்லாவற்றிலும் என் பெயர் மட்டும்.