ஜெனரேற்றர் மேல் போட்ட பழி

யாழ்ப்பாணத்தில் போரால் மின்சாரம் இல்லாத காலம். நானும் நண்பன் அன்ரனும் மண்ணெண்ணெய் ஜெனரேற்றரை நம்பிக் கணினி வகுப்பு நடத்தினோம். கொழும்பிலிருந்து வந்த புது மெமரியைப் பூட்டிய நாளிலிருந்து கணினி ஊர்ந்தது.

“வோல்டேஜ் காணாது,” என்றேன். வோல்டேஜ் குறைந்தால் விளக்கும் மின்விசிறியும் சோர்வதுபோலத்தான் இதுவும் என்று நினைத்தேன். விடாமல் ஜெனரேற்றரை முடுக்கினேன். மண்ணெண்ணெய்தான் தீர்ந்தது. கடைசிப் போத்தலை ஊற்றப்போன என்னை அன்ரன் மறித்தான்.

“மச்சான், ஃபான் நல்லாத்தானே சுத்துது. பிறகென்ன கறண்டிலை பிழை?”

எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கணினியின் மூடியைக் கழற்றினேன். அந்தக் காலக் கணினிகளின் முகப்பில் இருந்த, வேகம் கூட்டும் பொத்தானின் வயர் தொங்கியது. மெமரி பூட்ட இடைஞ்சல் என்று கழற்றிவிட்டு, திரும்ப மாட்ட மறந்தவன் நான்தான். மாட்டியதும் கணினி பழைய வேகத்துக்கு வந்தது.

அந்த நாட்களில் எங்களுக்கு நேர்ந்தவற்றில் இந்த ஒன்றுதான் என் பிழை. நான் திருத்தக்கூடியதாக இருந்ததும் அந்த ஒன்றுதான்.