பவுடர் டப்பாவில் பதின்மூன்று சீட்டு

இன்று பேருந்தில் பக்கத்தில் அமர்ந்தவளிடமிருந்து ரோஜாப் பவுடர் வாசனை வந்ததும், செம்பாக்கம் ஏரிக்கரையில் தண்ணீர் லாரி நின்ற மைதானம் நினைவுக்கு வந்துவிட்டது. இப்போது அங்கே அடுக்குமாடி வீடுகள். அந்தக் கோடையில், பன்னிரண்டு வீட்டுக் குடங்களும் முட்டி மோதுவதற்கு முன்னால், எதிர்வீட்டு மேரி அக்கா காலிப் பவுடர் டப்பாவைக் குலுக்கி ஒரு சீட்டு எடுப்பாள். அந்த வீடு மட்டும் நெரிசல் இல்லாமல் முதலில் பிடித்துக்கொள்ளலாம். வயிற்றில் பிள்ளையோடு நின்ற அம்மாவின் பெயர் இரண்டு வாரமாக வரவேயில்லை.

“எங்க சீட்டு உள்ள இருக்குதா, மேரிக்கா?”

“போடி, பெரிய போலீஸு! நானா முழுங்கிட்டேன்?”

ஒருநாள், லாரி வருமுன் அவள் குடம் எடுக்கப் போன நேரத்தில் டப்பாவைக் கவிழ்த்து எண்ணினேன். பதின்மூன்று இருந்தன. அக்கா தன் பெயரை இரண்டு முறை போட்டிருக்கிறாள் என்று நினைத்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். இரண்டு முறை இருந்தது அம்மாவின் பெயர்.

மடித்துப் போட்டு மூடினேன். இரண்டு போட்டும் ஏன் வரவில்லை என்பது, ஆறாவதோடு நின்ற என் படிப்புக்கு இன்னும் விளங்கவில்லை. அன்றிலிருந்து அக்காவைச் சந்தேகிக்கவில்லை. வேறு யாராவது எண்ணிவிடுவார்களோ என்று, குடத்தோடு நின்ற ஒவ்வொரு முகத்தையும் சந்தேகித்தேன்.